ஆடும் ஃபேனும் அதிரும் மோட்டாரும்: 30 பயனுள்ள குறிப்புகள்

கூடத்தில் ஃபேன், அடுப்படியில் மிக்சி, கிரைண்டர், புழக்கடையில் வாஷிங் மெஷின், தோட்டத்தில் மோட்டார், தெருமுனையில் மாவு மில். திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரத்தில் சுழலும் எந்திரத்தை நம்பாத குடும்பம் இன்று இல்லை. இவற்றில் ஒன்று ஆட ஆரம்பித்தால், "ஓடுற மெஷின்னா ஆடத்தான் செய்யும் அண்ணாச்சி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நல்ல எந்திரம் ஆடாது. ஆடுகிறது என்றால் எங்கோ எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று கழன்றோ தேய்ந்தோ இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்கவும், முடிந்ததை நாமே சரிசெய்யவும் இந்தக் குறிப்புகள் உதவும்.

முதலில் தெரிய வேண்டியவை

1. சுழலும் பொருளின் எடை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தால் அது அமைதியாகச் சுற்றும். ஒரு பக்கம் சில கிராம் கூடினாலும், அந்தக் கூடுதல் எடை ஒவ்வொரு சுற்றிலும் அச்சை வெளிப்பக்கம் இழுக்கும். இந்த இழுவிசை வேகத்தின் இருமடிப்படி கூடும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஃபேனை இரண்டில் வைத்தால் சும்மா இருப்பதும் ஐந்தில் வைத்தால் ஆடுவதும் இதனால்தான்.

2. ஒரு கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 350 சுற்று ஓடும் சீலிங் ஃபேனில், மையத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி ஒரு றெக்கையில் 5 கிராம் கூடுதலாக இருந்தால், இழுப்பு சுமார் 400 கிராம் எடைக்குச் சமம். அந்த இழுப்பு வினாடிக்கு ஏறக்குறைய ஆறு முறை திசை மாறி மாறி ஊக்கை ஆட்டும். ஆண்டுக்கணக்கில் இப்படி ஆடினால் மாட்டியிருக்கும் போல்ட்டே தேய்ந்துபோகும்.

3. அதிர்வின் முதல் பலி பேரிங். பால் பேரிங்கின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேரிங் மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், பேரிங்கின் தரத்தைச் சந்தேகிக்கும் முன் எந்திரத்தின் அதிர்வைப் பாருங்கள்.

4. எல்லா ஆட்டமும் எடைக் கோளாறு அல்ல. இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது சுவிட்சை அணையுங்கள். அணைத்த அந்த நொடியே அதிர்வு நின்றுவிட்டால் கோளாறு மின்சாரப் பக்கம். வைண்டிங்கையும் ஃபேஸையும் பார்க்க வேண்டும். வேகம் குறையக் குறைய அதிர்வும் மெல்லக் குறைந்தால் கோளாறு எந்திரப் பக்கம்.

5. அணைத்த பிறகு வேகம் இறங்கும் வழியில், நடுவே ஓரிடத்தில் மட்டும் ஆட்டம் குபீரென்று கூடி அடங்குகிறதா? அந்த வேகம், எந்திரத்தைத் தாங்கும் அமைப்பின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகிறது என்று பொருள். இதை ஒத்ததிர்வு என்பார்கள். வாஷிங் மெஷின் நிற்கப்போகும் நேரத்தில் ஒரு குலுங்கு குலுங்குவது இந்த வகை. அந்த வேகத்திலேயே தொடர்ந்து ஓடாதவரை பயமில்லை.

6. வேலையின் வரிசை முக்கியம். முதலில் துடையுங்கள், அடுத்து முறுக்குங்கள், பிறகு மட்டம் பாருங்கள், கடைசியில்தான் எடை கட்ட வேண்டும். அழுக்கால் வந்த ஆட்டத்துக்கு எடை கட்டினால், அழுக்கைத் துடைத்த அன்றே மறுபடி ஆடும்.

வீட்டுக்குள்

7. சீலிங் ஃபேன் ஆடினால் மெயினை அணைத்துவிட்டு மர ஏணியில் ஏறி, மூன்று றெக்கைகளின் மேல்புறத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். தூசி மேல்புறத்தில்தான் அடை அடையாகப் படியும். கரிசல் காட்டுப் புழுதியும் அடுப்படி எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் அது துடைப்பத்துக்கு வராது. சோப்புத் தண்ணீர் வேண்டும். ஒரு றெக்கையை மட்டும் துடைத்துவிட்டு இறங்காதீர்கள். அதுவே புதிய எடை வித்தியாசத்தை உண்டாக்கும்.

8. அடுத்து றெக்கைத் திருகுகள், டவுன் ராடின் மேலும் கீழும் உள்ள போல்ட், ஊக்கில் உட்காரும் ரப்பர், போல்ட்டைக் கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் ஆகியவற்றைப் பாருங்கள். ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஸ்பிளிட் பின் இல்லாத ஃபேனை ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

9. பிறகு உயரம். ஒரு ஸ்கேலைக் கூரையில் செங்குத்தாக வைத்து, ஒரு றெக்கையின் நுனி வரை உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேலை நகர்த்தாமல் ஃபேனைக் கையால் மெதுவாகத் திருப்பி அடுத்த இரண்டையும் அதே இடத்தில் அளவெடுங்கள். மூன்றுக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் றெக்கையோ அதைத் தாங்கும் பட்டையோ வளைந்திருக்கிறது. எடை சரியாக இருந்தாலும், உயரம் மாறினால் காற்றை வெட்டும் அளவு மாறி ஃபேன் ஆடும். பட்டையைக் கையால் மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம்.

10. இதற்கு மேலும் ஆடினால்தான் எடை. துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை முதல் றெக்கையின் நடுவில் நன்றாக மாட்டி, கீழே யாரும் நிற்காமல், குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பிறகு இரண்டாவது றெக்கை, மூன்றாவது றெக்கை. எந்த றெக்கையில் மாட்டும்போது ஆட்டம் குறைகிறதோ அதுதான் எடை குறைந்த றெக்கை. அதிலேயே கிளிப்பை உள்ளும் வெளியும் நகர்த்தி, ஆட்டம் மிகக் குறையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில், றெக்கையின் மேல்புறம், ஃபேன் பேலன்ஸ் செய்ய விற்கும் ஒட்டு எடையைப் பதியுங்கள்.

11. ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நாணயம் மூன்று, நான்கு கிராம் இருப்பதால் கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் கோடை வெக்கையில் டேப்பின் பசை இளகி நாணயம் பறந்தால் முகத்தில் அடிக்கும். பார்த்து அளவு தெரிந்துகொள்ள மட்டும் நாணயம். நிரந்தரமாக ஒட்டுவதற்கு அல்ல.

12. மூன்று றெக்கைகளும் ஒரே எடைக்குத் தேர்ந்து ஒரே தொகுப்பாக வருபவை. ஒன்று வளைந்துபோனால் பழைய ஃபேனிலிருந்து ஒரு றெக்கையைக் கழற்றிப் போடாதீர்கள். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பெயின்ட் அடிப்பதானாலும் மூன்றுக்கும் ஒரே மாதிரி அடிக்க வேண்டும்.

13. வாஷிங் மெஷினில் கனமான ஒரே ஒரு போர்வையைப் போட்டுப் பிழியாதீர்கள். நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடும் டிரம்மில், 25 செ.மீ. தள்ளி அரைக் கிலோ ஈரத்துணி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டால் இழுப்பு 140 கிலோ எடைக்குச் சமம். மெஷின் நகர்ந்து சுவரில் முட்டுவது இதனால்தான். போர்வையோடு இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் எடை பரவும். இன்றைய மெஷின்கள் இதைத் தாமே உணர்ந்து, பிழிவதை நிறுத்திவிட்டுத் துணியைத் திரும்பப் புரட்டிப் பார்க்கும். அப்படி நின்றால் மெஷினைத் திட்டாமல் துணியைப் பிரித்துப் போடுங்கள்.

14. செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் பிழியும் தொட்டிக்குள் துணியைச் சுற்றிலும் சமமாக அமுக்கி, மேலே அதற்கான பிளாஸ்டிக் மூடியை வைத்த பிறகே சுற்றவிடுங்கள். ஜீன்ஸ் பேண்டையும் மெல்லிய சேலையையும் எதிரெதிரே வைத்தால் கட்டாயம் ஆடும்.

15. புதிய ஃப்ரண்ட் லோடு மெஷின் வந்ததுமே பயங்கரமாக ஆடினால் பின்பக்கம் பாருங்கள். லாரியில் வரும்போது டிரம் அசையாமல் இருக்கப் போட்ட போல்ட்டுகளைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போது வேண்டும். பிறகு கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை மெஷின் மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, நான்கு கால்களையும் திருகி மட்டமாக்குங்கள்.

16. மிக்சி சுமையில்லாமல் நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை ஓடும். அந்த வேகத்தில், 2 செ.மீ. தள்ளி ஒரே ஒரு கிராம் கூடினால் இழுப்பு 7 கிலோ. ஆகவே ஜார் பிளேடைச் சாணை பிடிக்கும்போது ஒரு முனையை மட்டும் தேய்க்கக் கூடாது. ஒரு முனை உடைந்த பிளேடை ஓட்டவே கூடாது. ஜாரின் அடியில் உள்ள புஷ் தேய்ந்து பிளேடு தண்டு கையால் அசைத்தாலே ஆடுகிறது என்றால் புஷ்ஷை மாற்றுங்கள்.

17. மிக்சி ஆர்மேச்சரை ரீவைண்டிங் செய்து வாங்கியதும் புதிதாக ஓர் இரைச்சல் வந்தால், கம்பியும் வார்னிஷும் ஒரு பக்கம் கூடிவிட்டன என்று பொருள். பேலன்ஸ் பார்த்துத் தரும்படி வைண்டிங் கடையில் முன்கூட்டியே கேளுங்கள். எடை கூடிய பக்கத்தில் இரும்பைச் சிறிது சுரண்டியோ, குறைந்த பக்கத்தில் எபாக்சி வைத்தோ சரிசெய்வார்கள்.

18. கோவை கிரைண்டர் போன்ற வெட் கிரைண்டர் மெதுவாகச் சுற்றுவது. அதில் ஆட்டம் வந்தால் எடையைத் தேடாதீர்கள். கால் ரப்பர், பெல்ட், குழவியின் புஷ், தட்டு உட்காரும் இடம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். வேகம் குறைந்த எந்திரத்தில் எடை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

19. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் ஏர் கூலரின் ஃபேனில் வெள்ளையாக உப்புப் படியும். ஒரு பக்கம் படிந்த உப்பு உதிர்ந்ததும் ஆட்டம் தொடங்கும். மாதம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரால் கழுவினால் போதும்.

தோட்டம், மில், வண்டி

20. மோனோபிளாக் மோட்டார் அதிர்ந்தால் முதலில் அடித்தளம். மோட்டாரை நிறுத்தி, மெயினையும் அணைத்துவிட்டு நான்கு கால் போல்ட்டுகளில் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். ஒன்றைத் தளர்த்தியதும் அந்தக் கால் மேலே எழும்பினால், அது தரையில் உட்காராமல் போல்ட்டின் பலத்தில் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளி அளவுக்குத் தகடு வெட்டி அடியில் செருகி மறுபடி முறுக்குங்கள். அதிர்வு இதிலேயே பாதிக்கு மேல் அடங்கிவிடுவது உண்டு.

21. பம்புக்குள் கூழாங்கல் உருளுவதைப் போன்ற சத்தம் வந்தால் அது எடைக் கோளாறு அல்ல. உறிஞ்சும் பக்கம் தண்ணீர் போதவில்லை. ஃபுட் வால்வு அடைத்திருக்கலாம், கிணற்றில் மட்டம் இறங்கியிருக்கலாம். அப்படியே ஓட்டினால் இம்பெல்லர் அரித்துப் போய், அதன் பிறகு உண்மையாகவே எடைக் கோளாறு வரும். நேற்று வரை நன்றாக ஓடிய பம்பு இன்று திடீரென்று ஆடினால் இம்பெல்லரின் இதழ்களுக்கு நடுவே கல்லோ குச்சியோ சிக்கியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

22. மிளகாய், மல்லி அரைக்கும் பல்வரைசர் வைத்திருப்பவர்களுக்கு: தேய்ந்த சுத்தியல்களில் ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது. முழு செட்டையும் மாற்றுங்கள். புதியவற்றைச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடையைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதி, ஒரே எடை உள்ள இரண்டை எதிரெதிரே மாட்டுங்கள். பத்து நிமிட வேலை. வேகமாகச் சுற்றும் எந்திரத்தில் இதைவிடப் பயனுள்ள பத்து நிமிடம் கிடையாது.

23. பெல்ட்டில் ஓடும் மில்லில் மோட்டார் புல்லியும் மில் புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இரண்டின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் நான்கு இடத்திலும் தொட வேண்டும். இரண்டு மூன்று வி-பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

24. கரிசல் மண் ஈரத்தில் பசையாக ஒட்டும். மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் போய் வந்த பைக், கார், டிராக்டரின் ரிம்முக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி மண் ஒட்டிக் காய்ந்திருக்கும். தார்ச் சாலையில் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்க இது போதும். காரை வீல் பேலன்சிங்குக்குக் கொண்டுபோகும் முன் ரிம்மின் உள்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கழுவிய பிறகும், 70, 80 கி.மீ. வேகத்தில் நடுக்கம் இருந்தால் கடைக்குப் போங்கள்.

அளந்து பார்க்க

25. கையால் தொட்டு, "போன வாரத்துக்கு இப்போ தேவலை" என்று சொல்வது அளவு ஆகாது. பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தை பேரிங் பெட்டி மேல் மட்டமான இடத்தில் விளிம்பில் நிற்க வையுங்கள். எந்திரம் ஓடும்போதும் அது நின்றால் அதிர்வு மிகக் குறைவு. நாணயம் நிற்காவிட்டால் அடுத்த குறிப்புக்கு வாருங்கள்.

26. கையில் உள்ள செல்போனே ஓர் அதிர்வுமானி. ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற இலவசச் செயலியில் முடுக்கத்தையும் அதன் ஸ்பெக்ட்ரத்தையும், அதாவது வினாடிக்கு எத்தனை முறை என்ற எண்ணில் எவ்வளவு அதிர்வு என்பதையும் பார்க்கலாம். பழைய போன் ஒன்றை பேரிங் பெட்டி மேல் இரட்டைப் பக்க டேப்பால் இறுக்கமாக ஒட்டுங்கள். நடுவே துணியோ உறையோ இருக்கக் கூடாது. கேமரா நல்ல நிலையில் உள்ள புதிய போனை நெடுநேரம் அதிரவிடாதீர்கள். அதன் நுண்ணிய பாகங்கள் கெடும்.

திரையில் எந்த இடத்தில் முகடு உயர்கிறது என்று பாருங்கள். மோட்டாரின் வேகம் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டார் வினாடிக்கு 24 முறை சுற்றுகிறது; 2,880 சுற்று என்றால் 48 முறை. முகடு சரியாக அந்த எண்ணில் இருந்தால் பெரும்பாலும் எடைக் கோளாறு. அதன் இரண்டு மடங்கில் உயர்ந்தால் இணைப்பு நேர்கோட்டில் இல்லை, அல்லது ஏதோ கழன்றிருக்கிறது. இரண்டு புல்லிகளின் சுற்று வேகத்துக்கும் கீழே இருந்தால் பெல்ட். அதிக எண்களில் சிறு சிறு முகடுகளாகச் சிதறி இருந்தால் பேரிங்.

மில்லுக்கு வரும் டெக்னீஷியன் கையில் உள்ள அதிர்வுமானி மி.மீ./வினாடி என்று காட்டும். 15 கிலோவாட் வரையுள்ள சிறிய எந்திரங்களுக்கு, உலகம் முழுவதும் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. அளவுகோலின்படி 0.71 வரை மிக நன்று, 1.8 வரை ஓட்டலாம், 4.5 வரை கவனிக்க வேண்டியது. அதற்கு மேல் நிறுத்த வேண்டியது. அதிர்வை எந்திரத்தின் நலத்தோடு பொருத்தி வரைபடமாகத் தந்தவர்களில் முன்னோடி டி.சி. ராத்போன் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஆண்டு 1939. அன்று அவர் தொடங்கிய பழக்கம்தான் இன்று நம் ஊர் மில் வரை வந்திருக்கிறது.

எடை கட்டித் திருத்த

27. மெல்லிய சக்கரம், புல்லி, சாணைக்கல் போன்றவற்றுக்கு ஓட்டாமலே பார்க்கும் வழி உண்டு. இரண்டு இரும்புப் பட்டைகளை ரசமட்டம் வைத்து மட்டமாக நிறுத்தி, சக்கரத்தை அதன் ஷாஃப்ட்டோடு மேலே வைத்து உருளவிடுங்கள். கனமான பக்கம் எப்போதும் அடியில் வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே மேல்பக்கம் சிறிது களிமண்ணோ புட்டியோ ஒட்டி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை கூட்டிக் குறையுங்கள். ஒட்டியதைப் பிறகு தராசில் நிறுத்து, அதே எடையுள்ள இரும்பை அங்கே முறுக்குங்கள். அல்லது எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் அதே எடைக்குத் துளையிட்டு இரும்பை எடுத்துவிடுங்கள்.

28. மில்லின் புளோயர் போல, கழற்ற முடியாத ஃபேனுக்கு நான்கு ஓட்ட முறை சிறந்தது. ஒரு போனும், கணிதப் பெட்டியில் உள்ள காம்பஸும் போதும். ஓர் உதாரணம்: 20 கிலோ எடையுள்ள புளோயர் சக்கரம், நிமிடத்துக்கு 1,440 சுற்று. எடை எதுவும் கட்டாமல் முதல் ஓட்டத்தில் அளவு 6. சக்கரத்தில், மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் அ, ஆ, இ என்று மூன்று குறிகள் இடுகிறோம். 5 கிராம் சோதனை எடையை 'அ'வில் முறுக்கி ஓட்டினால் 7.2, அதையே 'ஆ'வுக்கு மாற்றினால் 3.2, 'இ'யில் 9.7.

இனி காகிதத்தில் 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். அதன் விளிம்பில் அ, ஆ, இ மூன்றையும் 120 பாகை இடைவெளியில் குறியுங்கள். 'அ'வை மையமாக வைத்து 7.2 செ.மீ., 'ஆ'வில் 3.2 செ.மீ., 'இ'யில் 9.7 செ.மீ. வட்டங்கள் வரையுங்கள். மூன்றும் ஒரே புள்ளியில் வெட்டும். மையத்திலிருந்து அந்தப் புள்ளி 4 செ.மீ. தூரத்தில், 'அ'விலிருந்து 'ஆ' பக்கமாக 90 பாகையில் இருக்கும். எடை கட்ட வேண்டிய திசை அதுதான். கட்ட வேண்டிய எடை: சோதனை எடை 5 கிராமை முதல் அளவு 6 ஆல் பெருக்கி, 4 ஆல் வகுத்தால் 7.5 கிராம். சோதனை எடையைக் கழற்றிவிட்டு இந்த 7.5 கிராமை, அதே 20 செ.மீ. தூரத்தில் முறுக்கி மறுபடி அளவெடுங்கள். நான்கு ஓட்டத்திலும் வேகம், போனின் இடம், அளக்கும் அலகு மூன்றும் மாறக் கூடாது. வட்டங்கள் ஒரு புள்ளியில் சேராமல் பெரிய இடைவெளி விட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

29. எடையை எப்போதும் போல்ட், நட்டு, ஸ்பிரிங் வாஷர் போட்டு முறுக்குங்கள். அல்லது வெல்டு வையுங்கள். வெல்டு வைக்கும்போது எர்த் கம்பியைச் சக்கரத்திலேயே மாட்ட வேண்டும். மோட்டார் உடம்பில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். எவ்வளவு துல்லியம் போதும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஃபேன், பம்பு வகைக்கு வழக்கமான தரம் ஜி 6.3. அதன்படி, 2,880 சுற்று ஓடும் 10 கிலோ சக்கரத்தில், மையத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில் 2 கிராம் வரை மிச்சம் இருந்தால் பரவாயில்லை. சக்கரம் அகலமாகவோ உருளை போல நீளமாகவோ இருந்தால் ஒரே இடத்தில் எடை கட்டினால் தீராது. இரண்டு முனையிலும் திருத்த வேண்டும். கோவை, மதுரை போன்ற ஊர்களில் டைனமிக் பேலன்சிங் செய்து தரும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

30. பாதுகாப்பு இல்லாமல் இதில் எதையும் தொட வேண்டாம். கையை உள்ளே விடும் முன் மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் வேறு யாரும் போட்டுவிட முடியாது. வேட்டி முனை, சேலைத் தலைப்பு, துண்டு, அவிழ்ந்த முடி எதுவும் எந்திரத்தின் பக்கம் போகக் கூடாது. சோதனை எடை கட்டி ஓட்டும்போது சக்கரம் சுழலும் தளத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். பெல்ட் மூடியைத் திரும்ப மாட்டாமல் வேலையை முடித்ததாக எண்ணாதீர்கள். மாவுத் தூசி பறக்கும் மில்லிலும் தீப்பெட்டி ஆலையிலும் வெல்டு, கிரைண்டிங் வேலையை உள்ளே வைத்துச் செய்யவே கூடாது; பாகத்தைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காற்றாலை சொல்வது

கழுகுமலையைத் தாண்டித் தெற்கே கயத்தாறு பக்கம் போனால் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். சென்னையில் உள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமும் கயத்தாற்றில்தான் இருக்கிறது. அந்தப் பெரிய றெக்கைகளையும் எடை பார்த்துத்தான் ஒரு தொகுப்பாகச் சேர்க்கிறார்கள். மேலே உள்ள அதிர்வு உணரி எல்லை மீறிய ஆட்டத்தைக் கண்டால் காற்றாலையைத் தானாகவே நிறுத்திவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசும் ஆடி மாதத்தில், ஒரு நாள் ஓடாவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று காற்றாலை நடத்துபவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஆடும் எந்திரத்தை அவர்கள் ஓட்டுவதில்லை. ஓட்டினால் நஷ்டம் பல மடங்கு என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நம் வீட்டு ஃபேனுக்கும் தோட்டத்து மோட்டாருக்கும் அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே போதும். ஒரு நோட்டு போட்டு, எந்திரத்தின் பெயர், தேதி, அதிர்வின் அளவு, செய்த வேலை நான்கையும் எழுதி வாருங்கள். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வேகத்தில் அளவெடுத்தால், எந்திரம் கெடப்போவதை அந்த நோட்டு வாரக்கணக்கில் முன்பே சொல்லிவிடும். வெயில் காலம் தொடங்கும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஓர் ஈரத்துணி, ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்கேல் எடுத்துக்கொண்டு உங்கள் கூடத்து ஃபேனிலிருந்து தொடங்குங்கள்.